நீளமாக வெட்டிய விறகு

செனிசா ஆய்வு நிலையம்
ஜூன் 7, 2011, செவ்வாய்

ரெமிஹியோ,

இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதே. முதலில் படி, பிறகு போடு.

நடுவழிக் குடிலில், அலமாரி மேல் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் இதை வைக்கிறேன். குடிலுக்குப் பின்னால் நட்டிருக்கும் பனி அளவுக்கம்பைப் பார்க்க நான் செவ்வாய்தோறும் வருகிறேன். நீ வெள்ளிதோறும் வந்து போகிறாய் என்பது உன் குதிரையின் லாடத் தடத்தில் தெரிகிறது. இப்படியே இருந்தால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியதில்லை. உனக்கும் வசதி, எனக்கும் வசதி.

விஷயம் இதுதான். பதினோராம் நம்பர் பெண்மான் செத்துவிட்டது. இடது காதில் மஞ்சள் வில்லை போட்ட உவேமுல் மான். நீ நிலையத்தில் தடம் பார்க்கும் வேலையில் இருந்தபோது அதற்கு வில்லை போட்டோம். அதன் தலையை மடியில் வைத்துப் பிடித்திருந்தவன் நீதான். ஓடைக்கரையில், லெங்கா மரங்கள் முடியும் இடத்தில், ஞாயிறு காலை பார்த்தேன். செத்து ஒரு நாள் இருக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் மொத்தம் ஒன்பது இருந்தன. இனி எட்டு. அதன் குட்டி இன்னும் அந்த இடத்தைவிட்டுப் போகவில்லை.

எதனால் செத்தது என்று மாத முடிவுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். டாக்டர் இதூரா நகரத்திலிருந்து வானொலியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். "பூமா அடிச்சதா, வேற ஏதாவதா? தெளிவா சொல்லுங்க எடெல்மிரா." அங்கே வைத்திருந்த கேமரா, மரத்திலிருந்து சரிந்த பனியில் கம்பத்தோடு புதைந்து கிடக்கிறது. தோண்டிக்கொண்டிருக்கிறேன். தடம் படிக்க இந்தப் பக்கத்தில் உன்னைவிட்டால் ஆளில்லை. அப்பாவின் கண் உனக்குத்தான் வந்தது. எனக்கு வந்தது அவருடைய முழங்கால் வலி. அடுத்த பனி விழுவதற்குள் போய்ப் பார்.

மற்றபடி நிலையத்தில் நான் ஒருத்திதான். இந்த ஜூன் குளிரில் தண்ணீர்க் குழாய் உறைந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. படியில் வைத்த சோப்பை நரி தூக்கிக்கொண்டு போய்விட்டது. இது இரண்டாவது சோப்பு. யாருக்காக இப்படிக் குளிக்கிறதோ தெரியவில்லை.

மார்ச் மாதம் குடிலிலிருந்து உன் ஆட்டு உப்புக்கட்டி ஒன்றை எடுத்தேன், சமையலுக்கு. சொல்லிவிடுவதுதானே முறை. உனக்கு விறகு வெட்டி வைத்திருக்கிறேன்.

எடெல்மிரா


நடுவழிக் குடில்
ஜூன் 10, வெள்ளி

நிலையப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

போய்ப் பார்த்தேன். பூமா.

தாங்கள் வெட்டி வைத்த விறகு இந்த அடுப்புக்குள் நுழையவில்லை. நிலையத்து அடுப்பு பெரியது என்பது எனக்கும் தெரியும், நாலு வருஷம் அதற்கு நான்தான் விறகு போட்டேன். இது ஏழைகளின் அடுப்பு. கட்டைகளைப் பாதி உள்ளே, பாதி வெளியே வைத்து, கதவைத் திறந்து போட்டு எரித்தேன். புகையில் நாய் தும்மிக்கொண்டே கிடந்தது. குடிலை விட்டுப் போகிறவர்கள் அடுத்து வருகிறவருக்கு விறகு வைத்துவிட்டுப் போவது வழக்கம்தான். அடுப்பைப் பார்த்து வெட்டுவதும் வழக்கம்.

உப்புக்கட்டியைப் பற்றிப் பரவாயில்லை. ஒற்றை ஆள் சமையலுக்கு அத்தனை பெரிய கட்டி என்றால் நன்றாகவே சாப்பிடுகிறீர்கள் என்று அர்த்தம். சந்தோஷம்.

அறிக்கையில் என் பெயரை எழுத வேண்டாம். ஏற்கெனவே ஒருமுறை எழுதியாகிவிட்டது.

ரெ. நாவெல்கின், ஆட்டுக்காரன்


செனிசா
ஜூன் 14, செவ்வாய்

தம்பி,

'தாங்கள்' என்று நீ எழுதியதைப் பார்த்து முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

பூமா என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாய். முன்பெல்லாம் ஒரு தடத்தைக் காட்டினால், அது ஆணா பெண்ணா, எத்தனை நாள் பட்டினி, யாரோடு சண்டை போட்டுவிட்டு வருகிறது என்பது வரைக்கும் சொல்லிச் சொல்லி எங்களைச் சாப்பிடவிட மாட்டாய். இப்போது ஒரு சொல்.

நானும் மறுபடி போய்ப் பார்த்தேன். எனக்கு உன் கண் இல்லை. ஆனால் பூமா அடித்தால் கழுத்தைப் பிடிக்கும் என்பது கோடையில் இங்கே சமையலுக்கு வருகிற பெண்ணுக்குக்கூடத் தெரியும். பதினோராம் நம்பரின் கழுத்தில் ஒரு கீறல் இல்லை. கடித்திருப்பது பின்தொடையில். பூமா தின்று மிச்சத்தைப் பனியாலும் சுள்ளியாலும் மூடிவிட்டுப் போகும். இதை யாரும் மூடவில்லை. ஏறக்குறைய தின்னவும் இல்லை.

ரெமிஹியோ, நேராகவே கேட்கிறேன். ஜூன் நாலாம் தேதி, சனிக்கிழமை, உன் நாய் தீசோன் எங்கே இருந்தான்?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், நிலையத்து ஆய்வுக் கழுத்துப்பட்டை போட்ட பூமாவை நீ சுட்டதை நான் எழுதினேன். உன் நிலைய வேலை போனது. ஆட்டுப் பட்டிக்குள் புகுந்ததால் சுட்டேன் என்றாய். அதையும் சேர்த்துத்தான் எழுதினேன். யார் சுட்டிருந்தாலும் எழுதியிருப்பேன். அதற்காக நீ என்னை மன்னிக்க வேண்டாம். இதற்குப் பதில் மட்டும் சொல்.

கேமரா இன்னும் கிடைக்கவில்லை. குட்டி தினமும் காலையில் ஓடைக்கரைக்கு வந்து நிற்கிறது. என்னைப் பார்த்தால் ஓடுவதில்லை. அதுகளின் சாபமே அதுதான், ஓடாமல் நின்று பார்ப்பது.

விறகைச் சின்னதாக வெட்டியிருக்கிறேன்.

எடெல்மிரா


நடுவழிக் குடில்
ஜூன் 17, வெள்ளி

அக்கா,

சனிக்கிழமை மத்தியானம் தீசோன் வீட்டுக்கு வந்தபோது அவன் கீழுதடு கிழிந்திருந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். பல்லிடுக்கில் முடி. ஆட்டு மயிர் என்றால் வளையும். இது விரலில் பட்டதும் நொறுங்கியது. மான் முடிதான் அப்படி நொறுங்கும்.

ஆக, உன் கடிதம் வருமுன்பே எனக்குத் தெரியும். வேறு ஏதாவது காரணம் கிடைக்காதா என்றுதான் ஓடைக்கரைக்குப் போனேன். பொய் எழுதினேன். பொய்யை நீளமாக எழுத எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். போன ஆகஸ்டில் மேல் மேய்ச்சலில் குதிரை பனிக்கட்டியில் வழுக்கி என்மேல் விழுந்தது. அது எழுந்து போய்விட்டது, என்னால் எழ முடியவில்லை. கால் முறிவு. தீசோன் என் நெஞ்சின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டான். "போடா, வீட்டுக்குப் போடா" என்று எத்தனையோ விரட்டினேன். நகரவில்லை. குதிரை தனியாக வந்ததைப் பார்த்துவிட்டு அடுத்த பட்டிக்காரன் தேடி வரும்வரை, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை, அவன் சூட்டில்தான் கிடந்தேன். உனக்குச் சொல்லியனுப்பவில்லை. நாம் பேசாத காலம்.

மானைத் தொட்ட நாயை அதன் சொந்தக்காரன்தான் தன் கையால் முடிக்க வேண்டும். ஆட்டைக் கடித்தாலும் அதேதான். அடுத்தவன் நாயாக இருந்தால் நானே போய்ச் சொல்லியிருப்பேன். எனக்கு இன்னும் இரண்டு வெள்ளி அவகாசம் கொடு. முடித்துவிடுகிறேன்.

அந்த பூமா விஷயம். நீ எழுதியதற்கு எனக்குக் கோபம் இல்லை என்றால் நம்புவாயா? அதற்கு முதல்நாள் என் வீட்டுக்கு வந்தாய். என் மேஜையில் உட்கார்ந்து என் மாத்தே டீயைக் குடித்தாய். "குளிர் ஜாஸ்தியா இருக்கே, கம்பளி இருக்காடா உன்கிட்ட?" என்று கேட்டாய். அறிக்கை அப்போது உன் பையில் இருந்தது. மறுநாள் காலை வானொலியில் என் பெயரைக் கேட்டேன். பக்கத்துப் பட்டிக்காரர்களும் கேட்டார்கள்.

கோபம் அதற்குத்தான்.

ரெமிஹியோ


செனிசா
ஜூன் 21, செவ்வாய்

தம்பி,

உண்மை. பையில் இருந்தது. அன்று உன்னிடம் சொல்லத்தான் வந்தேன். மூன்று முறை வாய் வரை வந்தது. மூன்று முறையும் குளிரைப் பற்றிப் பேசினேன். பிறகு மாத்தே ஆறிவிட்டது, கிளம்பிவிட்டேன். கோழைத்தனம். இதை இரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியிருக்க வேண்டும்.

கால் முறிந்து கிடந்தது எனக்குத் தெரியாமல் போனதற்கு உன்னைத் திட்டுவதா என்னைத் திட்டுவதா என்று தெரியவில்லை. இப்போது நடக்க முடிகிறதா? குதிரை ஏறும்போது எந்தக் காலை ஊன்றுகிறாய்?

இந்த முறை அனுப்புவதற்கு முன்னால் உன்னிடம் சொல்கிறேன். முப்பதாம் தேதி, வியாழன் காலை ஏழு மணிக்கு வானொலியில் படிப்பேன். இதுதான் வாசகம்: "பதினோராம் நம்பர் பெண்மானைக் கொன்றது ரெமிஹியோ நாவெல்கினின் நாய்." அதோடு, நாய் இப்போது இல்லை என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் வேட்டை அதிகாரிகளை அனுப்புவார்கள். அவர்கள் உன் வாசலில் வைத்துச் சுடுவார்கள், மற்ற இரண்டு நாய்களையும் சேர்த்து.

நகரத்தில் யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். கணவாய் செப்டம்பர் வரை திறக்காது. மான் அடித்த நாய் என்று தெரிந்தால் யார் வாங்குவார்கள்?

எட்டே எட்டு மான், ரெமிஹியோ. கண்ணை மூடிக்கொள்ள முடிந்தால் மூடியிருப்பேன்.

எடெல்மிரா


நடுவழிக் குடில்
ஜூன் 27, திங்கள்

அக்கா,

இன்று என் நாள் இல்லை. வெள்ளிக்கிழமை வந்திருக்க வேண்டும். துப்பாக்கியோடு வீட்டிலிருந்து கிளம்பினேன். வேலைக்குத்தான் போகிறோம் என்று நினைத்து அவன் முன்னால் ஓடினான். ஒவ்வொரு வளைவிலும் நின்று, நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தான். மூன்றாவது வளைவிலிருந்து திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமையும் போனேன். ஞாயிறும் போனேன். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

நாளை உன் நாள். தீசோனை உள்ளே கட்டிப் போட்டிருக்கிறேன். விடியும்வரை அடுப்பு எரியும். இறைச்சி வைத்திருக்கிறேன், தண்ணீரும் இருக்கிறது. உன்னை அவனுக்குத் தெரியும். குட்டியாக இருந்தபோது உன் பூட்ஸைக் கடித்தவன்தான். குரைக்க மாட்டான். நிலையத்துத் துப்பாக்கியை எடுத்து வா. வெளியே கூட்டிப்போய்ச் செய். எங்கே புதைத்தாய் என்று எனக்குச் சொல்லாதே.

வழக்கத்தை மீறுகிறேன் என்று தெரியும். என்னால் முடியவில்லை, அக்கா.

ஆடுகளைப் பனியிலிருந்து இறக்கக் கீழ் மேய்ச்சலுக்குப் போகிறேன். வியாழன் வரை வீட்டில் இருக்க மாட்டேன். அங்கே வெடிச் சத்தம் கேட்காது. இந்தக் குளிர்காலம் முடியும்வரை குடிலுக்கும் வர மாட்டேன். டப்பாவில் எதுவும் வைக்காதே.

விறகு இன்னும் நாலு விரல் நீளம்.

ரெமிஹியோ


உன் வீட்டு மேஜை
ஜூன் 29, புதன்

தம்பி,

டப்பாவில் வைக்காதே என்றாய். அதனால் உன் மேஜையில் வைக்கிறேன், உப்புப் பாத்திரத்துக்கு அடியில். உன் வீட்டுக்குள் நுழைந்து இரண்டு வருஷம். ஜன்னல் கண்ணாடி உடைந்ததற்கு அட்டை வைத்து அடைத்திருக்கிறாய். வெட்கமாக இல்லையா?

இதைப் படிக்குமுன்பே தீசோன் உன்மேல் பாய்ந்திருப்பான். ஆகவே முக்கியமான விஷயத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. எப்படி என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கேமரா கிடைத்தது. அடுப்படியில் ஒரு நாள் காயவைத்து, நேற்று விடியற்காலை குடிலுக்குக் கிளம்புமுன் படங்களைப் பார்த்தேன். மான் உப்பை நக்கிக்கொண்டு நிற்கிறது. ஆம், உன் உப்பு. சமையலுக்கு என்று எழுதியது பொய். மார்ச் முழுக்கக் கேமராவில் மானின் வாலைத் தவிர எதுவும் விழவில்லை. முகம் விழட்டும் என்று கட்டியைக் கேமராவுக்கு முன்னால் வைத்தேன். மான்களுக்கு எதையும் வைக்கக்கூடாது என்பது நிலையத்தின் முதல் விதி. அந்த விதியைச் சுவரில் எழுதி ஒட்டியவள் நானே.

அடுத்த படத்தில் தீசோன் வருகிறான். வாலைத் தாழ்த்தி, அரைவட்டமாக. பாயவில்லை. உன் ஆடுகளை அவன் எப்படி வளைப்பானோ அப்படி. உன் பழக்கம்தானே அது? உப்பில் கூடி நிற்கும் ஆடுகளை வீட்டுக்கு ஓட்டிவரச் சொல்லிப் பழக்கிய நாய். உன் உப்பில் ஏதோ நிற்கிறது. வீட்டுக்கு ஓட்டிவர வேண்டும். வேலையைச் செய்தான். மான் ஆடு இல்லையே, நகரவில்லை. கிட்டே நெருக்கினான். அது பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து ஓடைப் பனிக்கட்டிக்கு மேல் போனது. கடைசிப் படத்தில் முன்கால் மடங்கி விழுந்து கிடக்கிறது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது கேமராவில் இல்லை. உதறியிருக்கும், அவன் உதட்டைக் கிழித்திருக்கும், அவனும் கடித்திருப்பான். உப்பை நான் அங்கே வைக்காவிட்டால் மானும் அங்கே இல்லை, நாயும் அங்கே இல்லை.

இதையெல்லாம் மண்டையில் சுமந்துகொண்டு குடில் கதவைத் திறந்தால் தீசோன் வாலை ஆட்டுகிறான். மேஜையில் உன் கடிதம். படித்துவிட்டு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். என் பூட்ஸை இப்போதும் கடிக்கிறான்.

அவனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நிலையத்துக்கே திரும்பினேன். ஓடைக்கரையிலிருந்து உப்பைக் கடப்பாரையால் பெயர்த்து, கீழே இருந்த மண்ணையும் சேர்த்து மூட்டை கட்டித் தூக்கி வந்தேன். மாலையில் வானொலியைப் போட்டு டாக்டர் இதூராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

கடைசிவரை கேட்டார். பிறகு, "எடெல்மிரா, இந்த உப்பு சமாச்சாரத்த நீங்க சொல்லாமலே விட்டிருக்கலாமே. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

"எனக்குத் தெரியுமே டாக்டர். எழுதிக்கோங்க. நாய் வேலைய செஞ்சுது, தப்பு நான் செஞ்சேன்."

"அந்த நாய என்ன பண்றது?"

"வசந்தம் வரைக்கும் வாய்ப்பூட்டு, கழுத்துல மணி. உப்பு இனிமே பட்டிக்குள்ள மட்டும். அதுக்கு நான் ஜாமீன்."

"உங்களுக்கு யாரு ஜாமீன்?" என்றார். கணவாய் திறந்ததும் என் வேலையைப் பற்றி முடிவு செய்வார்களாம். சரி என்றேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. ஜூன் பத்தாம் தேதி நீ ஓடைக்கரைக்குப் போனாய். ஒடிந்த சுள்ளியைக்கூட விடாதவன் நீ. அத்தனை பெரிய உப்புக்கட்டி உன் கண்ணில் படாமல் இருந்திருக்காது. அதை ஒரு வரி எழுதியிருந்தால் நாய்மேல் பாதிப் பழிதான். ஏன் எழுதவில்லை?

மணி அம்மாவின் குதிரையுடையது. அப்பா செத்தபோது நீ கேட்டாய், நான் தரவில்லை. இப்போது தீசோன் கழுத்தில் இருக்கிறது.

நீ களைத்து வருவாய் என்று விறகு வெட்டி அடுப்படியில் அடுக்கியிருக்கிறேன்.

அக்கா


நடுவழிக் குடில்
ஜூலை 1, வெள்ளி

அக்கா,

குளிர்காலம் முடியும்வரை குடிலுக்கு வர மாட்டேன் என்று எழுதினேன். வந்துவிட்டேன். இது யாருக்கும் தெரிய வேண்டாம்.

நேற்று மத்தியானம் ஆடுகளோடு மேட்டில் ஏறும்போதே மணிச்சத்தம் கேட்டது. அம்மாவின் குதிரை செத்துப் பதினாறு வருஷம். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். வேலிக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் அவனைப் பார்த்தேன். அப்புறம் என்ன நடந்தது என்பதை எழுத மாட்டேன். ஆடுகள் பட்டிக்குள் போக ஒரு மணி நேரம் தாமதமாயிற்று, அவ்வளவுதான்.

குட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று வரும் வழியில் லெங்கா மரங்களுக்கு மேலே மூன்று மான் தடம் பார்த்தேன். இரண்டு பெரியது, ஒன்று சின்னது. சின்னது நடுவில் நடந்திருக்கிறது. முன்னால் போன கிடா இடது பின்காலை லேசாக இழுக்கிறது, நாலாம் நம்பராக இருக்கும். வேகமாகப் போகவில்லை, இரண்டு இடத்தில் நின்று பாசி தின்றிருக்கிறார்கள். குட்டிக்குப் பசி இருந்திருக்கிறது, பயம் இல்லை. பார், மறுபடி நீளமாக எழுத ஆரம்பித்துவிட்டேன். உன் அறிக்கைக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள். இந்த முறை என் பெயரைப் போட்டாலும் போடு.

உப்பைப் பற்றிக் கேட்டாய். பார்த்தேன். முதல் நாளே பார்த்தேன். கட்டியின் அடியில் என் பட்டி முத்திரைகூட இருந்தது.

எழுதினால் என்ன ஆகும்? நீ படிப்பாய். படித்ததும் ஒரு நிமிஷம் தாமதிக்காமல் வானொலியைப் போட்டு உன்மேலேயே அறிக்கை படிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? உன் வேலை போகும். அந்த வேலையைத் தவிர உன்னிடம் வேறு என்ன இருக்கிறது, ஒரு சோப்புத் திருட்டு நரியைத் தவிர? எனக்கு இன்னும் இரண்டு நாய் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டேன். தவிர, அறிக்கை எழுதுகிற ஆள் ஒரு குடும்பத்துக்கு ஒருத்தர் போதும்.

அப்படியும் நீயே கண்டுபிடித்து நீயே படித்துவிட்டாய். வசந்தத்தில் அவர்கள் உன்னை அனுப்பிவிட்டால் என் வீட்டில் இரண்டாவது கட்டில் இருக்கிறது. ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுவிடுகிறேன்.

நீ அடுக்கி வைத்த விறகில் ஒன்றுகூட என் அடுப்புக்குள் நுழையவில்லை. ஐம்பது வயதாகிறது உனக்கு, இன்னும் அளவு தெரியவில்லை. நான் அதைத் தொடப் போவதில்லை. அடுக்கி வைத்தபடியே இருக்கும். செவ்வாய்க்கிழமை ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்து நீயே அறு. நான் வீட்டில்தான் இருப்பேன்.

ரெமிஹியோ